வீடும் வாரிசும்: தாவும் எறும்பின் குடிவாழ்வு பற்றி ஒரு வாதம்

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர் என்ற எறும்பினத்தில் ராணி செத்தால் குடி சாவதில்லை. பெரும்பாலான எறும்பினங்களில் ராணியின் சாவே குடியின் சாவு. எஞ்சிய வேலைக்கார எறும்புகள் சில வாரங்களோ சில மாதங்களோ உழைத்துவிட்டு ஒவ்வொன்றாக மறையும், கூடு வெறுமையாகும். இந்த இனத்தில் நடப்பது வேறு. நேற்றுவரை வேட்டைக்குப் போய்வந்த வேலைக்கார எறும்புகளில் சில, கூட்டுக்குள்ளேயே ஆண் எறும்புகளோடு இணைந்து, கருவுற்ற முட்டையிடும் தாய்களாகிவிடுகின்றன. இப்படித் தாயாகும் வேலைக்கார எறும்பை ஆய்வாளர்கள் கேமர்கேட் என்கிறார்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த மாற்றத்தின் நரம்பியலும் மரபியலும் உலகின் முதன்மையான ஆய்வகங்களில் நுணுகி ஆராயப்பட்டுள்ளன. எப்படி மாறுகிறது என்பதற்கு அங்கே கிடைத்திருக்கும் விடைகள் வியக்கத்தக்கவை. ஏன் இந்த எறும்புக்கு இப்படியோர் ஏற்பாடு அமைந்தது என்ற கேள்விக்கோ, விடையை முதலில் தேட வேண்டிய இடம் அதன் மூளையும் அன்று, மரபணுவும் அன்று. அது மண்ணுக்குள் கட்டிவைத்திருக்கும் வீடு. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

இந்த எறும்பை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் தாமஸ் ஜெர்டன். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், 1851இல் ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலொன்றை வெளியிட்டார். இந்தியப் பறவைகளைப் பற்றிய பெருநூலால்தான் இன்று அவர் பெயர் நினைக்கப்படுகிறது. எறும்புப் பட்டியலை எடுத்துப் படிப்பவர்கள் குறைவு. அது வருந்தத்தக்கது. நம் நிலத்தின் எறும்புகளை உயிரோடு பார்த்து எழுதிய தொடக்ககால முயற்சிகளுள் அது ஒன்று. எறும்பு தாவுவதைக் கண்டே அவர் இதற்கு இனப்பெயரும் இட்டார்.

தாடையையும் சேர்த்து அளந்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள எறும்பு இது. தலையில் முன்தள்ளி நிற்கும் பெரிய கண்கள். நீண்டு, சற்றே மேல்நோக்கி வளைந்த மெல்லிய தாடைகள். எறும்பு என்றதும் நம் மனத்தில் எழும் சாரை இங்கே இல்லை. ஒவ்வொரு வேட்டைக்கார எறும்பும் தனியே புறப்படுகிறது, கண்ணால் இரையைக் காண்கிறது, தாவிப் பிடிக்கிறது. அதன் தாவல் சுமார் 10 சென்டிமீட்டர் வரை நீளும். சிலந்தியும் சிள்வண்டும் கரப்பானும் இரையாகின்றன. கொடுக்கால் கொட்டப்பட்ட இரை சாவதில்லை. அசைவிழந்து உயிரோடு கிடக்கிறது. அதைக் கூட்டுக்குள் இழுத்துப் போட்டுவைத்தால் அழுகாமல் சில நாள் இருக்கும். கூட்டுக்குள் சேமிப்பதற்கு இப்படி ஒரு வழி இருப்பதும் பின்னால் நம் வாதத்துக்கு வேண்டியது.

குடியின் அளவு சிறியது. பெரும்பாலும் சில பத்து எறும்புகள். நன்கு வளர்ந்த குடிகளில் நூற்றைத் தாண்டும். இலட்சக்கணக்கான எறும்புகள் கொண்ட குடியில் நூறு வேட்டைக்காரர்கள் ஒரு நாளில் இறந்தாலும் பெரிய இழப்பில்லை. இங்கே பத்துப் பேர் திரும்பாவிட்டால் குடியின் உணவே தடுமாறும். ஆகவே யார் வெளியே போகிறார்கள், யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது இந்த எறும்புக்கு உயிர்ப் பிரச்சினை.

இனி வீட்டுக்கு வருவோம். 1994இல் கிறிஸ்டியன் பீட்டர்ஸ், பெர்ட் ஹோல்டோப்ளர், மார்க் மாஃபெட் ஆகியோரும் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முஸ்தாக் அலியும் இதன் கூட்டமைப்பை விரிவாக விவரித்தார்கள். அந்த விவரிப்பைப் படித்தவர்கள், இவ்வளவு சிறிய குடி இப்படியொரு கட்டுமானத்தை எழுப்புமா என்று திகைக்காமல் இருக்க முடியாது. இளங்குடிகள் தரைமட்டத்துக்கு அருகில் ஒற்றை அறையில் வாழ்கின்றன. அதற்குக் காப்பு எதுவும் இல்லை. குடி வளர வளர வீடும் மாறுகிறது. ஒன்றின்கீழ் ஒன்றாக அறைகள் அமைகின்றன. மேலறைக்குத் தடித்த, கவிந்த கூரை எழுகிறது. கூரையோடு சேர்ந்த ஓட்டுக்கும் சுற்றியுள்ள மண்ணுக்கும் நடுவே வெற்றிடம் விடப்படுகிறது. அதாவது அறைத்தொகுதி மண்ணோடு ஒட்டாமல், மண்ணுக்குள் இன்னொரு பாண்டமாக நிற்கிறது. ஓட்டின் மேற்பகுதியில் சிறு திறப்புகள். சிலவற்றைச் சுற்றி வெளிநோக்கி விரியும் விளிம்பு வடிக்கப்பட்டிருக்கும். உள்சுவரில் கூட்டுப்புழு வெளியேறியபின் எஞ்சிய பட்டுக்கூடுகளைக் கிழித்து ஒட்டியிருப்பார்கள். குடியிருக்கும் அறைகளுக்கும் கீழே, ஆழத்தில், கழிவறை ஒன்று தனியே உண்டு. இரைகளின் எச்சங்கள் அங்கே போடப்படுகின்றன. அவற்றைத் தின்று சிதைக்கும் ஈப்புழுக்களும் அங்கே வாழ்கின்றன. சேமித்த உயிரிரை மேலே, குப்பை கீழே.

இந்த அமைப்பின் பொருள் என்ன? பருவமழையின்போது மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மண்ணில் சில மணி நேரத்தில் எவ்வளவு நீர் இறங்கும் என்பதை அங்கே நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். மண் முழுவதும் நீர் கோத்துக்கொள்ளும்போது, மண்ணோடு ஒட்டிய அறை நிறைந்துவிடும். மண்ணிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட அறையைச் சுற்றி நீர் வழிந்து கீழிறங்க இடமிருக்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பதே இக்கட்டுமானத்தின் பயன் என்று அந்நால்வரும் முன்வைத்த விளக்கம் எனக்கு ஏற்புடையதே. கட்டுமானத்தின் ஒவ்வோர் உறுப்பும் நீரை மறுப்பதாகவே அமைந்திருக்கிறது.

இப்படியொரு வீட்டை எழுப்ப ஒரு தலைமுறை வேலைக்கார எறும்புகள் போதாது. ஆய்வகக் குடிகளில் ஒரு வேலைக்கார எறும்பின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 7 மாதம். கூரையின் அடித்தளத்தை இட்டவை அதன் முழுமையைப் பார்ப்பதில்லை. குடியில் இப்போது இருப்பவர்கள் முன்னோரின் உழைப்பில் வாழ்கிறார்கள். தாங்களும் சிறிது சேர்த்துவிட்டுப் போகிறார்கள். ராணியும் ஒருநாள் சாகும். அப்போது வீடு நிற்கும், உழைப்பாளிகள் இருப்பார்கள், சேமித்த இரை இருக்கும், முட்டையிட ஆளிருக்காது.

எறும்பு, குளவி, தேனீ ஆகிய வரிசையில் கருவுறாத முட்டையிலிருந்து ஆணும் கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும் பிறக்கின்றன. இணைசேராத வேலைக்கார எறும்பு முட்டையிட்டால் மகன்கள் மட்டுமே பிறப்பார்கள். வேட்டையாடவும் சுவர் எழுப்பவும் மகள்கள் வேண்டும். மகள்கள் வேண்டுமானால் யாரோ ஒருவர் இணைசேர்ந்து, விந்தை உடலுக்குள் சேமித்துவைக்க வேண்டும். அதற்கான உறுப்பு விந்துகொள்பை. பெரும்பாலான எறும்பினங்களின் வேலைக்கார எறும்புகளில் அது பரிணாமத்தில் மறைந்துவிட்டது. ஹார்பெக்னாதஸ் வேலைக்கார எறும்புகளில் அது செயல்படும் நிலையில் இருக்கிறது. அவை தம் கூட்டிலேயே பிறந்த ஆண்களோடு, உடன்பிறந்தவர்களோடு, இணைகின்றன.

1995இல் பீட்டர்ஸும் ஹோல்டோப்ளரும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை இந்த எறும்பைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் என்று கருதுகிறேன். பிற்காலத்து ஆய்வகக் கட்டுரைகளின் வெளிச்சத்தில் அது பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு. அவர்கள் காட்டியது இது. கேமர்கேட் உள்ள மற்றப் பல இனங்களில் ராணி என்ற வகையே இல்லாமல் போயிருக்கிறது. அங்கே புதுக் குடி உருவாவது, பழைய குடி இரண்டாகப் பிரிவதால். ஹார்பெக்னாதஸில் இரண்டும் இருக்கின்றன. சிறகுள்ள இளம் ராணி பறந்து சென்று, இணைசேர்ந்து, தனியொருத்தியாக மண்ணில் அறை தோண்டி, தானே வேட்டைக்கும் போய்க் குடியைத் தொடங்குகிறது. அது செத்தபின் கேமர்கேட்கள் தொடர்கின்றன. குடி இரண்டாகப் பிரிவதில்லை. பரவுவதற்கு ராணி, நிலைப்பதற்குக் கேமர்கேட் என்று வேலை பிரிந்துகிடக்கிறது. ஏன் பிரிவதில்லை என்பதற்கு அவர்கள் தந்த காரணம் வீட்டின் மதிப்பு. பாதிக் குடி வெளியேறினால், வெளியேறியவர்கள் காப்பற்ற ஒற்றை அறையில் மறுபடி தொடங்க வேண்டும். விலைமிக்க வீட்டைப் பாதியாக வெட்டி எடுத்துப்போக வழியில்லை.

இக்கருத்தை நான் ஏற்பதோடு, அதன் தருக்கத்தை இன்னும் சிறிது நீட்டிப் பார்க்க விரும்புகிறேன். ராணி இறந்தபின் கூட்டுக்குள் நடப்பவை எல்லாமே, அந்த வீட்டில் எத்தனை தாய்கள் இருக்கலாம் என்பதை முடிவுசெய்யும் நிகழ்ச்சிகளாகப் படிக்கத்தக்கவை.

ராணி இல்லை என்பது வாசனையின் குறைவால் தெரிகிறது. முட்டையிடும் எறும்பின் புறத்தோலில் நீண்ட சங்கிலி ஹைட்ரோகார்பன்களின் கலவை மாறுகிறது. அந்த மாற்றம் சூலகத்தின் நிலையை அப்படியே ஒட்டிப் போகிறது என்பதை யூர்கன் லீபிக்கும் சகாக்களும் 2000இல் காட்டினார்கள். அந்த வாசனை மங்கியதும் வேலைக்கார எறும்புகள் எதிரெதிரே நின்று மோதத் தொடங்குகின்றன. மோதல் என்றாலும் கடி இல்லை, காயமில்லை. ஒன்று உணர்கொம்புகளால் மற்றதன் தலையைப் படபடவென்று அடித்தபடி முன்னேறும், மற்றது பின்வாங்கும். பிறகு முறை மாறும். பின்வாங்கியது அடித்தபடி முன்னேறும். கடைசியில் இரண்டும் விலகிப் போகும். தோற்றது எது என்று சொல்ல முடியாது. குடியின் பெரும்பகுதி இதில் இறங்குகிறது. 40 நாள் வரைகூட இது நீளும். விடாமல் மோதிக்கொண்டே இருப்பவையே இறுதியில் தாய்கள். அவற்றின் மூளையில் டோபமைன் உயர்ந்து நிற்கிறது. இடையில் கடித்துப் பிடித்து அடக்கப்பட்டவற்றில் டோபமைன் ஒரே நாளில் சரிந்துவிடுகிறது. அவை போட்டியிலிருந்து விலகுகின்றன.

அந்தக் கடித்துப் பிடித்தலைக் கவனிக்க வேண்டும். அது போட்டியாளர்களுக்கு இடையிலான சண்டை மட்டுமன்று. குடியின் மற்ற உறுப்பினர்களும் சூலகம் முதிரத் தொடங்கிய எறும்பைப் பிடித்து அசையவிடாமல் வைத்திருக்கின்றன. லீபிக், பீட்டர்ஸ், ஹோல்டோப்ளர் மூவரும் 1999இல் இதை ஆராய்ந்து, தாய்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் காவல் இது என்று காட்டினார்கள். வரம்பு ஏன் வேண்டும்? முட்டையிடும் எறும்பு வேட்டைக்குப் போவதில்லை. சிறிய குடியில் தாய்கள் பெருகினால் வேட்டைக்காரர்கள் குறைவார்கள், புழுக்கள் பட்டினி கிடக்கும், வீடு இருந்தும் குடி அழியும்.

வில்லியம் ஹாமில்டன் 1964இல் வகுத்த உறவுக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். ஒரே ஆணோடு இணைந்த ராணியின் மகள்களுக்குள் உறவளவு 3/4. தன் வயிற்று மகனோடு உறவளவு 1/2. உடன்பிறந்தவளின் மகளோடு 3/8. ராணி உயிரோடு இருக்கும்வரை தங்கைகளை வளர்ப்பது மகனைப் பெறுவதைவிட நெருங்கிய உறவை வளர்ப்பது. ராணி செத்து, உடன்பிறந்தவள் தாயானபின் கணக்கு தலைகீழாகிறது. சகோதரி மகளை வளர்ப்பதைவிடத் தானே மகனைப் பெறுவது நெருங்கிய உறவு. உறவளவை மட்டும் வைத்துப் பார்த்தால் தோற்ற ஒவ்வோர் எறும்பும் ஒளிந்து முட்டையிட்டிருக்க வேண்டும். குடி சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை. உடன்பிறந்தோர் இணைவதால் தலைமுறை செல்லச்செல்ல உறவளவு உயர்வது உண்மைதான். அது ஒரு பகுதி விளக்கமே. ஹாமில்டனின் கணக்கில் உறவோடு பெருக்கப்படும் இன்னோர் எண் உண்டு: உதவியால் விளையும் பயன். மதிப்புமிக்க வீட்டுக்குள் வளர்க்கப்படும் புழு பிழைத்து வளர்வதற்கான வாய்ப்பும், வெளியே தனியறையில் ஒரு சிறகில்லா வேலைக்கார எறும்பு வளர்க்க முயலும் புழுவின் வாய்ப்பும் ஒன்றல்ல. அந்த இடைவெளி பெரிதாக இருக்கும்வரை 3/8 போதும். வீடுதான் அந்த இடைவெளியை உண்டாக்குகிறது. உறவைப் பற்றிப் பேசும்போது வீட்டை மறந்துவிடுவது, சமூகப் பூச்சிகளைப் பற்றிய எழுத்துகளில் நெடுங்காலமாகத் தொடரும் குறை.

வென்ற எறும்பின் உடலில் நிகழும் மாற்றம் தனிக் கதை. சூலகம் பல மடங்கு பெருக்கிறது. மூளை சுருங்குகிறது. 1999இல் வுல்ஃபிலா க்ரோனன்பர்க்கும் லீபிக்கும் தாய் எறும்புகளின் மூளையும், குறிப்பாகப் பார்வைக்குரிய பகுதியும், சிறுத்திருப்பதை அளந்து காட்டினார்கள். இருட்டறையில் வாழப்போகும் எறும்புக்கு வேட்டைக்காரியின் கண்மூளை வேண்டியதில்லை; நரம்புத் திசுவைப் பேணுவது செலவுமிக்கது. ஆயுள் ஏறத்தாழ 4 ஆண்டாக நீள்கிறது. பொதுவாக உயிரினங்களில் அதிகம் ஈன்றால் ஆயுள் குறையும். இங்கே இரண்டும் சேர்ந்து உயர்கின்றன. 2022இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இதன் ஒரு கண்ணியைப் பிடித்தது. முட்டை உற்பத்திக்காக இன்சுலின் உயர்கிறது. அதே நேரத்தில் சூலகம் சுரக்கும் இம்ப்-எல்2 என்ற புரதம் இன்சுலின் சமிக்ஞையின் இரு கிளைகளுள் முதுமையை விரைவுபடுத்தும் கிளையை மட்டும் அடக்குகிறது. முட்டைக்கு வேண்டிய கிளை தடையின்றி இயங்குகிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2021இல் கிளின்ட் பெனிக்கும் சகாக்களும் கண்டது. கேமர்கேட் எறும்புகளைச் சில வாரம் தனியே பிரித்துவைத்து, முட்டையிடும் தகுதி மங்கியபின் குடியில் திரும்ப விட்டார்கள். குடியினர் அவற்றைப் பிடித்து அடக்கினர். விரைவிலேயே அவை வேலைக்கார எறும்பின் நடத்தைக்குத் திரும்பின. சூலகம் சுருங்கியது. ஏறத்தாழ கால் பங்கு வரை குறைந்திருந்த மூளை பழைய அளவுக்கு வளர்ந்தது. வளர்ந்த பூச்சியின் மூளை சுருங்குவது அறிந்ததே. சுருங்கியபின் மறுபடி விரிவது இதற்குமுன் பூச்சிகளில் கண்டிராதது. தாய்மை இங்கே பிறப்பால் வந்த தகுதியன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. சுற்றியுள்ளவர்கள் ஒப்பும்வரை அது நீடிக்கிறது. ஒப்புதல் போனால் உடலே மாறிவிடுகிறது.

என் வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, இது பழமையின் எச்சம் என்பது. ஹார்பெக்னாதஸ் சேர்ந்த பொனெரினே துணைக்குடும்பம் நெடுங்காலமாக ‘ஆதி’ எறும்புகளின் வரிசையில் வைக்கப்பட்டுவந்தது. சிறிய குடி, தனி வேட்டை, ராணிக்கும் வேலைக்கார எறும்புக்கும் சிறிய வேறுபாடு. ஆகவே வேலைக்கார எறும்பு இணைசேர்வதும் வேறுபாடு முழுமையடையாத காலத்தின் மிச்சம் என்று எண்ணத் தோன்றும். இது நிற்காது. கேமர்கேட் உள்ள இனங்கள் எறும்புகளின் மரபுமரத்தில் ஒரே கிளையில் கூடிக்கிடக்கவில்லை, சிதறிக்கிடக்கின்றன. அவற்றின் நெருங்கிய உறவினர் பலரிடம் முறையான ராணிகள் மட்டுமே இருக்கின்றன. பழைய உறுப்பு பின்னாளில் புதிய தேவைக்காக மீண்டும் பயனுக்கு வந்தது என்பதே பொருத்தமான விளக்கம். படிக்கட்டில் கீழே நிற்கும் எறும்பு என்று இதைப் பார்ப்பவர் இதன் கூரையைப் பார்க்காதவர்.

இரண்டாவது மறுப்பு கனமானது. வீட்டின் மதிப்புதான் காரணம் என்றால், அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் வாழும் அட்டா என்ற இலைவெட்டி எறும்பு என்ன ஆயிற்று? பல டன் மண்ணை அகழ்ந்து, காற்றோட்டக் குழாய்களும் பூஞ்சைத் தோட்ட அறைகளும் கட்டும் அந்த எறும்பின் வீட்டோடு எந்த எறும்பின் வீடும் போட்டியிட முடியாது. அங்கே ராணி செத்தால் குடி முடிந்துவிடுகிறது. இம்மறுப்பு என் வாதத்தை வீழ்த்துவதில்லை. அதன் எல்லையைக் குறுக்குகிறது. அட்டா வேலைக்கார எறும்புகளிடம் விந்துகொள்பை இல்லை. ராணியோ பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடியது. இலட்சக்கணக்கில் முட்டையிடும் அதன் உடலுக்கும் வேலைக்கார எறும்பின் உடலுக்கும் ஒப்புமையே இல்லை. உறுப்பு போனபின் தேவை எழுந்தாலும் திரும்பிவர வழியில்லை. வீடு காரணமாகலாம், உறுப்பு இருந்தால்தான் அந்தக் காரணம் வேலை செய்யும்.

நம் மாந்தோப்புகளில் இலைகளைப் புழுவின் பட்டால் தைத்துக் கூடுகட்டும் முசுறு எறும்பு இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. ஒரு குடிக்குப் பல மரங்களில் பல கூடுகள். இலை காய்ந்ததும் கூடு கைவிடப்படும், வேறு தைக்கப்படும். ஒரே ராணி, அது போனால் வேலைக்கார எறும்புகள் மகன்களை மட்டும் ஈன்று முடிகின்றன. தனிக் கூடு ஒன்றும் காத்துவைக்கத் தக்க சொத்தன்று. டயகம்மா பேரினமோ நேரெதிர். அங்கே ராணியே இல்லை. குடிக்கு ஒரு கேமர்கேட் மட்டும். புதிதாக வெளிவரும் வேலைக்கார எறும்பின் மார்பில் சிறகின் எச்சமாக இரு சிறு மொட்டுகள் இருக்கும். அவை கடித்து நீக்கப்பட்டால் அந்த எறும்பு வாழ்நாள் முழுவதும் இணைசேராது. நீலகிரிப் பகுதியின் டயகம்மா ஒன்றில் மட்டும் மொட்டுகளைக் கடித்தெடுக்கும் வழக்கம் இல்லை. அங்கே ஆதிக்க நடத்தையே மற்றவர்களை அடக்கிவைக்கிறது. நம் கவனத்துக்குரியது, டயகம்மா எளிதில் இடம்பெயரும் என்பதும் அதன் குடி பிரிந்து பெருகும் என்பதும். ஹார்பெக்னாதஸ் இடத்தை விடாமல் நிலைக்கிறது, டயகம்மா பிரிகிறது. இருவரிடமும் விந்துகொள்பை இருக்கிறது. இருவரையும் வேறுபடுத்துவது வீடு.

மூன்றாவது மறுப்பே எனக்குக் கடினமானது. வீடு காரணமா, விளைவா? வாரிசு உள்ளதால் குடி நீடிக்கிறது. நீடிப்பதால் விரிந்த வீடு கட்ட முடிகிறது என்று அம்பைத் திருப்பிவைக்கலாம். ராணி மட்டும் இருக்கும் இளங்குடியின் வீடு எளியது என்ற செய்தி இருபக்கமும் பொருந்தும். ஒன்று மற்றொன்றை வளர்த்தது என்று சொல்லி நழுவுவது எளிது. கூரையின் விளிம்பும் மண்ணிலிருந்து விலகிய ஓடும் நீண்ட ஆயுளின் துணைவிளைவாகத் தோன்றக்கூடியவை அல்ல, குறிப்பிட்ட ஆபத்துக்கு எதிராக அமைந்தவை என்பதே நான் வைக்கும் பதில். ஆபத்து முன்னே வந்தது, அது வீட்டுக்கு விலை தந்தது, விலை வாரிசைத் தேடவைத்தது.

இதைத் தீர்க்க ஆய்வகம் உதவாது. அங்கே உள்ள குடிகள் பெரும்பாலும் கர்நாடகத்தில் சேகரிக்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் சாந்தால் அமைத்த அறையில் வாழ்கின்றன. மழை இல்லை, இரை கையால் தரப்படுகிறது. அங்கே கிடைத்த அறிவைக் குறைத்துச் சொல்லவில்லை. 2010இல் முதன்முதலாக மரபணுத்தொகுதி படிக்கப்பட்ட எறும்புகளுள் இது ஒன்று. 2017இல் ஆர்கோ என்ற மணவாங்கி மரபணுவைக் கிரிஸ்பர் முறையில் செயலிழக்கச்செய்தபோது, எறும்புகள் குடியை உணராமல் கூட்டைவிட்டு அலைந்தன. வாசனை இன்றி எறும்புக்குச் சமூகமே இல்லை என்பது கண்ணெதிரே நிறுவப்பட்டது. அச்சோதனை இந்த இனத்தில் இயன்றதற்கும் காரணம், எந்த வேலைக்கார எறும்பையும் தாயாக்கி, மாற்றிய மரபணுவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக முடிந்ததே. மலையடிவார மண்ணில் வீட்டைக் காக்க வந்த ஏற்பாடு நியூயார்க்கின் ஆய்வுமேசையில் கருவியாகியிருக்கிறது. மண்ணிலோ, 1990களுக்குப் பிறகு அதே ஆழத்தில் தோண்டிப் பார்த்தவர்கள் சிலரே. இந்த எறும்பு நம் காலடியில் இருக்கிறது. தோண்டும் வேலை இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு உரியது.

செய்ய வேண்டிய சோதனை சிக்கலானதன்று. இந்த இனம் கிடைக்கும் இடங்களில் நீர் கோக்கும் மண்ணும் விரைவில் வடியும் மண்ணும் கொண்ட இரு நிலப்பகுதிகளைத் தேர்ந்து, தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் கூடுகளைத் தோண்ட வேண்டும். கூரையின் தடிப்பு, ஓட்டுக்கும் மண்ணுக்கும் இடையிலான வெளி, திறப்புகளின் விளிம்பு ஆகியவற்றை அளக்க வேண்டும். குடியில் ராணி உண்டா என்றும், விந்து நிறைந்த விந்துகொள்பை எத்தனை வேலைக்கார எறும்புகளில் உண்டு என்றும் அறுத்துப் பார்க்க வேண்டும். வடியும் மண்ணில் கட்டுமானம் எளிதாகவும், ராணியிழந்த குடிகளில் கேமர்கேட்டால் தொடர்பவை குறைவாகவும் இருந்தால் வீடே காரணம். கட்டுமானம் எளிதாக இருந்தும் கேமர்கேட் குடிகளின் பங்கு குறையாமல் இருந்தால், மேலே சொன்ன அம்பின் திசை தவறு; காரணத்தை ராணியின் ஆயுளிலோ இளங்குடிகளின் இறப்பு விகிதத்திலோ தேட வேண்டியிருக்கும்.